குறைபாடுள்ள தோட்டாவால் கைத்துப்பாக்கி சேதமடைதல்

குறைபாடுள்ள தோட்டாவால் கைத்துப்பாக்கி சேதமடைதல் என்பது, பிஸ்டல், ரிவால்வர் ஆகிய கைத்துப்பாக்கிகளில் பழுதான தோட்டாவைச் சுடும்போது துப்பாக்கியின் குழல், தோட்டா அறை, சட்டம் முதலியன வீங்குவதையோ, விரிசலடைவதையோ, வெடித்துச் சிதறுவதையோ குறிக்கும். சுடுபவரின் கைவிரல்கள், கண்கள், அருகில் நிற்பவர் ஆகியோருக்கு இதனால் கடுங்காயம் ஏற்படலாம். தோட்டா மூடி முத்திரையிடப்பட்ட பொருளாதலால், அதன் உள்ளே இருக்கும் குறையைப் பயன்படுத்துபவர் வெளியிலிருந்து காண்பது அரிது. எனவே தயாரிப்பின்போதும் சேமிப்பின்போதும் செய்யப்படும் சோதனைகளே முதன்மைப் பாதுகாப்பாக உள்ளன.

தோட்டாவின் அமைப்பும் அழுத்தமும்

தற்காலக் கைத்துப்பாக்கித் தோட்டா நான்கு பகுதிகளைக் கொண்டது. அவை உறை, தீமூட்டி, வெடிமருந்து, குண்டு என்பனவாகும். விசையை இழுத்ததும் சுடூசி தீமூட்டியைத் தாக்குகிறது. அதில் தோன்றும் தீ வெடிமருந்தைப் பற்றவைக்க, உண்டாகும் வளிமம் குண்டைக் குழலின் வழியே தள்ளுகிறது. அந்த நொடியில் பித்தளை உறை விரிந்து தோட்டா அறையின் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வளிமம் பின்னோக்கிக் கசியாமல் தடுக்கிறது. துப்பாக்கியின் எஃகு எவ்வளவு வலிமையானதாயினும், பின்புறத்தை அடைத்து நிற்பது இந்த மெல்லிய உறையே ஆகும்.

1902இல் செருமனியில் உருவாக்கப்பட்ட 9×19 மி.மீ. தோட்டாவுக்கு ஐரோப்பியத் தரப்படி அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் 235 மெகாபாஸ்கல் ஆகும். இது வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 2,300 மடங்கு. மகிழுந்துச் சக்கரத்திலுள்ள காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 1,000 மடங்கு. இந்தியாவில் உரிமம் பெற்ற பொதுமக்களுக்காகத் தயாரிக்கப்பட்ட .32 ரிவால்வரின் தோட்டாவில் உண்டாகும் அழுத்தம் இதில் பாதிக்கும் குறைவு. ஒவ்வொரு துப்பாக்கியும் தனக்குரிய தோட்டாவின் அழுத்தத்தையும், அதற்குமேல் ஓரளவு மிகையையும் தாங்குமாறு செய்யப்படுகிறது. குறைபாடுள்ள தோட்டா இந்த எல்லையைக் கடக்கும்போது சேதம் நிகழ்கிறது.

குறைபாட்டின் வகைகள்

மிகை மருந்து: நிரப்பும்போது தவறுதலாக ஒரே உறையில் இருமுறை வெடிமருந்து இடப்படுவது இவ்வகையாகும். .38 ஸ்பெஷல் போன்ற பழைய தோட்டாக்கள் கரிமருந்துக் காலத்தின் அளவை ஒட்டி அமைந்தவை. புகையில்லா வெடிமருந்தின் வழக்கமான அளவு அவற்றின் உறையில் பாதியைக்கூட நிரப்பாது. ஆகவே இரட்டிப்பு மருந்து இடப்பட்டாலும் அது வழியாது. பார்வைக்கும் வேறுபாடு தெரியாது. மருந்து இருமடங்கானால் அழுத்தம் இருமடங்குக்கும் மேலாக உயரும்.

குறை மருந்து: மருந்து மிகக் குறைவாகவோ அறவே இல்லாமலோ இருந்தால், தீமூட்டியின் விசை மட்டுமே குண்டைத் தள்ளும். குண்டு குழலின் நடுவில் சிக்கிக்கொள்ளும். அடுத்த தோட்டாவைச் சுட்டால் இரண்டாவது குண்டு அடைபட்ட குண்டின்மீது மோதி, குழல் அவ்விடத்தில் மோதிரம்போல் வீங்கும் அல்லது பிளக்கும். பேரொலியுடன் வெடிக்கும் தோட்டாவைவிட, மெல்லிய 'பட்' என்ற ஒலியுடன் அடங்கிவிடும் தோட்டாவே ஏமாற்றக்கூடியது. முதல் தோட்டாவால் துப்பாக்கிக்கு எந்தச் சேதமும் ஏற்படாததால், சுடுபவர் மீண்டும் விசையை இழுத்துவிட வாய்ப்புண்டு.

குண்டு உள்நகர்தல்: குண்டு உறைக்குள் உரிய ஆழத்தைவிடக் கூடுதலாக அமிழ்ந்தால், மருந்துக்குரிய வெற்றிடம் சுருங்கி அழுத்தம் உயரும். 9 மி.மீ. போன்ற சிறிய உறைகளில் இது குறிப்பிடத்தக்கது. பணி தொடங்கும்போது பிஸ்டலில் தோட்டாவை ஏற்றி, முடிந்ததும் இறக்கிவைக்கும் வழக்கம் உள்ள இடங்களில், ஒரே தோட்டா திரும்பத் திரும்ப அறையில் மோதுவதால் நல்ல தோட்டாவும் நாளடைவில் இக்குறையை அடையக்கூடும்.

உறைக் குறைபாடு: பித்தளையில் விரிசல், மெலிவு, அரிமானம் ஆகியவை இருந்தால் உறை கிழிந்து, வளிமம் பின்னோக்கிப் பாயும்.

தாமத வெடிப்பு: சுடூசி தாக்கிய பின் சிறிது நேரம் கழித்தே மருந்து பற்றுவது. தோட்டாவை அவசரமாக வெளியே எடுக்கும்போது, அது அறைக்கு வெளியே வெடித்துக் காயம் விளைவிக்கலாம்.

இந்தியாவில் பருவ விரிசல்

தோட்டா உறைகளின் குறைபாடு பற்றிய புகழ்பெற்ற வரலாற்று நிகழ்வு இந்தியாவைச் சேர்ந்தது. பிரித்தானிய ஆட்சிக்காலத்தில் இங்கிருந்த படைகளின் கிடங்குகளில், ஒருமுறைகூடச் சுடப்படாத தோட்டாக்களின் பித்தளை உறைகள் தாமாகவே வெடிப்பு விட்டன. மழைக்காலத்தில் இது மிகுதியாகக் காணப்பட்டது. இக்குறைபாடு 'பருவ விரிசல்' என்னும் பெயரால் அறியப்படுகிறது. குண்டை இறுக்கிப் பிடிக்கும் கழுத்துப் பகுதியிலேயே விரிசல் பெரும்பாலும் தோன்றியது.

இதற்கான காரணம் 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோரின் ஆய்வால் விளக்கப்பட்டது. தோட்டா உறை ஏறத்தாழ 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் கலந்த பித்தளையால் ஆனது. குளிர்நிலையில் இழுத்து உருவாக்கப்படுவதால் உலோகத்தினுள் இழுவிசை எஞ்சி நிற்கிறது. குதிரை லாயங்களில் சிறுநீரிலிருந்து வெளிப்பட்ட அம்மோனியா, மழைக்கால ஈரத்துடன் சேர்ந்து அந்த உலோகத்தைத் தாக்கியது. உட்தகைவு, ஈரம், அம்மோனியா ஆகிய மூன்றும் ஒன்றுகூடியபோது உறை பிளந்தது. மூன்றில் ஒன்றை நீக்கினாலும் விரிசல் தடுக்கப்படும். உருவாக்கிய பின் உறையை மிதமான வெப்பத்தில் பதப்படுத்தி உட்தகைவைத் தணிப்பதே தீர்வாயிற்று. கைத்துப்பாக்கித் தோட்டாக்களும் அதே பித்தளையால் ஆனவை என்பதால் இப்பாடம் அவற்றுக்கும் பொருந்தும்.

ஈரமும் துருவும்

பழைய தீமூட்டிகளில் பொட்டாசியம் குளோரேட்டு சேர்க்கப்பட்டிருந்தது. அது எரிந்தபின் குழலில் தங்கும் பொட்டாசியம் குளோரைடு, உப்பைப் போலக் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து எஃகைத் துருப்பிடிக்கச் செய்யும். பழனி மலையில் கொடைக்கானலை அடுத்த வில்பட்டி போன்று, மூடுபனியும் வடகிழக்குப் பருவமழையும் கொண்ட மலையூர்களில் இத்தகைய தோட்டாக்களைச் சுட்டபின் துப்பாக்கியைத் தூய்மை செய்யாமல் வைத்தால் குழல் விரைவில் பழுதாகும். எண்ணெய் மட்டும் பூசுவதால் பயனில்லை. உப்பை முதலில் நீரால் கரைத்து நீக்கி, உலர்த்திய பின்னரே எண்ணெய் பூச வேண்டும். 1920களிலிருந்து ஈயச் சேர்மத்தை அடிப்படையாகக் கொண்ட, துருவேற்றாத தீமூட்டிகள் பரவின. ஆயினும் ஈரம் புகுந்த தோட்டாவில் மருந்து சரியாக எரியாமல், மேலே கூறிய குண்டு சிக்கும் நிலை ஏற்படக்கூடும்.

பிரண்டன் லீயின் மரணம்

குறை மருந்துத் தோட்டாவின் தீங்குக்கு ஓர் எடுத்துக்காட்டு, 1993 மார்ச் 31 அன்று ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் நடிகர் பிரண்டன் லீ உயிரிழந்த நிகழ்வாகும். இவர் நடிகர் புரூஸ் லீயின் மகன். 'தி குரோ' திரைப்படத்தின் படப்பிடிப்புக்காக, உண்மைத் தோட்டாக்களிலிருந்து வெடிமருந்தை நீக்கிப் போலித் தோட்டாக்கள் செய்யப்பட்டன. ஆனால் ஒன்றில் தீமூட்டி நீக்கப்படவில்லை. அது வெடித்தபோது குண்டு ரிவால்வரின் குழலில் சிக்கியது. எவரும் அதைக் கவனிக்கவில்லை. பின்னர் அதே துப்பாக்கியில் குண்டில்லாத வெற்றுத் தோட்டாவைச் சுட்டபோது, சிக்கியிருந்த குண்டு வெளிப்பட்டு அவர்மீது பாய்ந்தது. இந்நிகழ்வில் துப்பாக்கி உடையவில்லை. ஆயினும் குழலைச் சோதித்திருந்தால் இம்மரணம் தவிர்க்கப்பட்டிருக்கும்.

சேதத்தின் அடையாளங்கள்

சேதமடைந்த துப்பாக்கியின் தோற்றத்தைக் கொண்டு காரணத்தைப் பெருமளவு ஊகிக்கலாம்.

* குழலின் நடுவில் மோதிர வடிவ வீக்கம் இருப்பின், குண்டு சிக்கிய குழலில் மீண்டும் சுடப்பட்டது எனக் கொள்ளலாம்.
* ரிவால்வரின் சுழலுருளை பிளந்து, அதன் மேலுள்ள சட்டப்பட்டை மேல்நோக்கி வளைந்திருப்பின், மிகை மருந்து காரணமாகலாம்.
* பிஸ்டலில் உறையின் அடிப்பகுதி கிழிந்து, கைப்பிடி உடைந்து, தோட்டாப்பெட்டி கீழே தள்ளப்பட்டிருப்பின், வளிமம் பின்பக்கமாகக் கசிந்துள்ளது. மிகை அழுத்தமோ மெலிந்த உறையோ இதற்குக் காரணமாகலாம்.
* சுட்ட உறையின் தீமூட்டி தட்டையாக நசுங்கியிருப்பது மிகை அழுத்தத்தின் அறிகுறிகளுள் ஒன்று.

தோட்டாவே காரணம் என்று முடிவு செய்வதற்கு முன், தேய்ந்த பாகங்கள், குழலில் தங்கிய அழுக்கு, தவறான அளவுடைய தோட்டா ஆகியவற்றையும் ஆராய வேண்டும். அதே பெட்டியில் எஞ்சிய தோட்டாக்கள் முக்கியச் சான்றாகும். அவற்றை எடையிட்டும் பிரித்தும் பார்த்தால் மருந்தின் அளவு தெரியவரும். பெட்டியில் அச்சிடப்பட்ட தொகுதி எண்ணைக் கொண்டு, அத்தொகுதி முழுவதையும் பயன்பாட்டிலிருந்து விலக்க முடியும்.

தயாரிப்பும் சட்டமும்

இந்தியாவில் படைத்துறைக்கான சிறு ஆயுதத் தோட்டாக்கள் மகாராட்டிர மாநிலத்தின் கட்கி (1869), வரண்காவ் ஆகிய இடங்களிலுள்ள தொழிற்சாலைகளில் தயாரிக்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் நீலகிரி மாவட்டம் அருவங்காட்டில் 1903இல் நிறுவப்பட்ட கார்டைட் தொழிற்சாலை, தோட்டாக்களுக்குரிய வெடிமருந்தைத் தயாரிக்கிறது. 2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, இம்மூன்றும் மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின்கீழ் வந்தன.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதைத் தடை செய்கிறது. சுட்ட உறைகளில் மீண்டும் மருந்து நிரப்பிப் பயன்படுத்துவது சில நாடுகளில் பொழுதுபோக்காக உள்ளது. மிகை மருந்து, குறை மருந்து ஆகிய தவறுகள் இவ்வாறு கையால் நிரப்பிய தோட்டாக்களில் நேர வாய்ப்பு மிகுதி. துப்பாக்கித் தயாரிப்பாளர்கள் பலர் இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என அறிவுறுத்துகின்றனர்.

தடுப்பு முறைகள்

* வழக்கத்துக்கு மாறான மெல்லிய ஒலியோ, குறைந்த பின்னுதைப்போ உணரப்பட்டால் உடனே சுடுவதை நிறுத்தி, துப்பாக்கியைக் காலி செய்து, குழலில் அடைப்பு உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.
* விசையை இழுத்தும் தோட்டா வெடிக்காவிடில், துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையில் குறைந்தது 30 நொடிகள் பிடித்திருந்து, பின்னரே திறக்க வேண்டும்.
* பச்சை படிந்த, விரிசல் உடைய, நசுங்கிய, குண்டு அமிழ்ந்த தோட்டாக்களை ஒதுக்க வேண்டும்.
* தோட்டாக்களை உலர்ந்த, குளிர்ந்த இடத்தில், அம்மோனியா கலந்த துப்புரவுப் பொருட்களிலிருந்தும் கால்நடைத் தொழுவங்களிலிருந்தும் விலக்கி வைக்க வேண்டும்.
* சுடும்போது பாதுகாப்புக் கண்ணாடியும் காதுக் காப்பும் அணிய வேண்டும்.