டால்டனின் கண்ணும் கைபேசியின் வண்ண வடிகட்டியும்

கைபேசி வைத்திருப்போரில் பலர் அதன் ‘அணுகல்தன்மை’ப் பகுதியைத் திறந்து பார்ப்பதே இல்லை. நீங்கள் ஒருமுறை திறந்து பாருங்கள். அங்கே ‘வண்ணத் திருத்தம்’ அல்லது ‘வண்ண வடிகட்டிகள்’ என்று ஓர் அமைப்பு இருக்கும். அதை இயக்கியதும் திரையில் உள்ள நிறங்கள் மாறிவிடும். நிறக்குருடு உடையவர்களுக்காக ஏற்பட்ட வசதி இது. ஆண்ட்ராய்டு கைபேசிகளில் 2014-லும், ஆப்பிள் கைபேசிகளில் 2016-லும் இது இடம்பெற்றது.

இதை இயக்கினால் அவர்களுக்கும் மற்றவர்களைப் போலவே எல்லா நிறங்களும் தெரியும் என்று பலர் எண்ணுகிறார்கள். இது சரிதானா? விடை காண நாம் இருநூறு ஆண்டுகளுக்கும் முன்னே செல்ல வேண்டும்.

டால்டன் சொன்ன காரணம்

அணுக்கொள்கையைப் பாடநூலில் படித்திருப்பீர்கள். அதை வகுத்த ஆங்கிலேய அறிஞர் ஜான் டால்டனுக்கு (1766–1844) நிறக்குருடு இருந்தது. 1792-இல் அவர் ஒரு ஜெரேனியம் மலரைக் கவனித்தார். பிறருக்கு இளஞ்சிவப்பாகத் தெரிந்த அம்மலர் அவருக்குப் பகலில் வான்நீலமாகவும், மெழுகுவத்தி ஒளியில் சிவப்பாகவும் தோன்றியது. அவருடைய தமையனாருக்கும் அப்படியே தோன்றியது.

1794-இல் மான்செஸ்டர் நகரின் இலக்கிய, தத்துவக் கழகத்தில் டால்டன் இதைப் பற்றிக் கட்டுரை படித்தார். தம் விழிக்குள் நிரம்பியுள்ள கூழ் போன்ற நீர்மம் நீல நிறமாக இருக்க வேண்டும். அது சிவப்பு ஒளியை விழுங்கிவிடுகிறது என்பது அவர் தந்த விளக்கம். அதாவது, தம் கண்ணுக்குள் நீலக் கண்ணாடி போன்ற ஒரு வடிகட்டி இருப்பதாக அவர் நம்பினார். இறந்த பின் தம் கண்களைச் சோதித்துப் பார்க்குமாறும் கூறியிருந்தார்.

1844-இல் அவர் காலமானதும் ஜோசப் ரான்சம் என்ற மருத்துவர் அவ்வாறே செய்தார். ஒரு கண்ணை அறுத்துப் பார்த்தார். நீர்மம் தெளிவாக இருந்தது. மற்றொரு கண்ணின் பின்புறத்தைச் சிறிது நீக்கி, அதன் வழியே சிவப்பு, பச்சைப் பொருள்களைப் பார்த்தார். நிறங்களில் மாற்றம் எதுவும் இல்லை. டால்டனின் கருத்து பொய்த்தது.

கண்ணுக்குள் மூன்று வகை உணர்விகள் இருக்கலாம் என்று தாமஸ் யங் 1802-இலேயே கூறியிருந்தார். டால்டனிடம் சிவப்பை உணரும் பகுதி இல்லை என்று 1807-இல் எழுதினார். பாதுகாக்கப்பட்டிருந்த கண் திசுவின் டி.என்.ஏ.வை ஆராய்ச்சியாளர்கள் 1995-இல் சோதித்தனர். டால்டனிடம் இல்லாதது பச்சைப் பகுதி ஒளியை மிகுதியாக உணரும் கூம்புச் செல்களின் நிறமி என்று தெரிந்தது. குறை கண்ணின் நீர்மத்தில் இல்லை. ஒளியை உணரும் செல்களில் இருந்தது.

வடிகட்டி செய்வது என்ன?

இப்போது கைபேசிக்கு வருவோம். இல்லாத நிறமியை எந்த வடிகட்டியும் உண்டாக்க முடியாது. பின் அது என்னதான் செய்கிறது?

தக்காளிச் செடியின் படம் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். டால்டனைப் போன்றவருக்குப் பழமும் இலையும் ஏறத்தாழ ஒரே மங்கலான மஞ்சள் பழுப்பாகத் தெரியக்கூடும். திரையின் ஒவ்வொரு புள்ளியிலும் அத்தகைய கண் எந்த வேறுபாட்டைத் தவறவிடும் என்று கைபேசி கணக்கிடுகிறது. அந்த வேறுபாட்டை அவருக்குத் தெரியக்கூடிய நீலமாகவோ, வெளிச்சமாகவோ மாற்றித் தருகிறது. பழம் அவருக்குச் சிவப்பாகத் தெரியாது. ஆனால் இலையிலிருந்து பிரிந்து தெரியும். இழந்த நிறத்தை அது மீட்பதில்லை. வேறுபாட்டை மட்டும் இடம் மாற்றுகிறது. சில வேளைகளில் முன்பு பிரிந்து தெரிந்த வேறு இரு நிறங்கள் இதனால் நெருங்கிவிடுவதும் உண்டு.

இன்னும் சில தவறான எண்ணங்கள்

‘நிறக்குருடு என்றால் எல்லாம் கறுப்பு வெள்ளை’ என்பது ஒன்று. கைபேசியில் இதே பட்டியலில் சாம்பல் நிற அமைப்பும் இருப்பது இந்த எண்ணத்தை வளர்க்கிறது. உண்மையில் இக்குறை உடையவர்களில் மிகப் பெரும்பாலோர் நீலத்தையும் மஞ்சளையும் நன்றாகவே வேறுபடுத்திக் காண்பார்கள்.

வடிகட்டியை இயக்கிப் பார்த்துவிட்டு, ‘அவர்களுக்கு உலகம் இப்படித்தான் தெரியும் போலும்’ என்பது மற்றொன்று. அது அவர்களுக்காகத் திருத்திய படமே. அவர்கள் காணும் காட்சி அன்று. அக்காட்சியைக் காட்டும் முறையை பிரெட்டெல், வியேனோ, மாலன் ஆகியோர் 1997-இல் வெளியிட்டனர். ஒரு கண்ணில் மட்டும் நிறக்குறை உள்ள அரிய மனிதர்கள் சொன்ன விவரங்களும் அதற்கு உதவின.

வடிகட்டியை இயக்கினால் நாம் சேமித்து வைத்துள்ள புகைப்படங்கள் கெட்டுவிடுமோ என்று அஞ்சவும் வேண்டாம். மாறுவது திரை காட்டும் விதம் மட்டுமே. அப்படத்தை நண்பருக்கு அனுப்பினால் பழைய நிறத்திலேயே செல்லும்.

நம் பங்கு

ஐரோப்பிய வழியினரில் ஆண்களுள் 100-க்கு ஏறத்தாழ 8 பேருக்கும், பெண்களுள் 200-க்கு ஒருவருக்கும் சிவப்பு-பச்சைக் குறை உண்டு. உங்கள் வகுப்பிலும் இருக்கலாம். அவர்கள் காண்பதெல்லாம் கைபேசித் திரையில் இல்லை. கரும்பலகைக்கும் அச்சிட்ட நிலப்படத்துக்கும் வடிகட்டி ஏது? நிறத்தை மட்டுமே நம்பிச் செய்தியைச் சொல்லாதீர்கள் என்று இணையப் பக்கங்களுக்கான அணுகல் நெறிமுறைகள் 1999-இலேயே கூறின. அந்த நெறி காகிதத்துக்கும் பொருந்தும்.

அடுத்த முறை வரைபடத்தில் இரண்டு கோடுகள் வரையும்போது ஒன்றைச் சிவப்பாகவும் மற்றொன்றைப் பச்சையாகவும் தீட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். ஒன்றைப் புள்ளிக்கோடாக வரையுங்கள். அல்லது பக்கத்திலேயே பெயரை எழுதிவிடுங்கள். டால்டன் இன்றிருந்தால் அவரும் அதைத் தயங்காமல் படித்துவிடுவார்.