பருத்திக்குன்றத்துக் குரா

பல்லாவரத்தில் வாழும் நமக்கு மகேந்திரவர்மன் அமைத்த குடைவரை நன்கு அறிமுகமானது. அவன் பாட்டன் சிம்மவர்மன், தன் 6ஆம் ஆட்சியாண்டில், பருத்திக்குன்றத்து வச்சிரநந்தி முனிவருக்கு அமண்சேர்க்கை என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக வழங்கினான் என்பது பள்ளன்கோயில் செப்பேட்டுச் செய்தி. அப்பருத்திக்குன்றமே காஞ்சிபுரத்தை அடுத்து, வேகவதிக் கரையில் உள்ள திருப்பருத்திக்குன்றம். நம் முன்னோர் சினகாஞ்சி என்று போற்றிய தலம்.

அண்மையில் என் பேத்தியுடன் அங்குச் சென்றேன். திரைலோக்கியநாதர் கோயிலில் வர்த்தமானரை வணங்கிச் சங்கீத மண்டபத்தில் நின்றோம். விசயநகர அமைச்சர் இருகப்பர், தம் குரு புட்பசேனர் சொற்படி 1387ஆம் ஆண்டளவில் எழுப்பிய மண்டபம் இது. அதன் விதானத்தில் இருடபதேவர், நேமிநாதர், வர்த்தமானர் வரலாறுகள் ஓவியங்களாக விரிகின்றன. அவற்றின் கீழே தமிழில் விளக்கங்களும் உள்ளன. பேத்தி எழுத்துக்கூட்டிப் படித்தாள். சில சொற்கள் பிடிபட்டன, பல மங்கிவிட்டன.

பின்னர்த் திருச்சுற்றில் உள்ள குரா மரத்தை அடைந்தோம். மேருமந்தர புராணம் இயற்றிய வாமன முனிவரையும் அவர் மாணவர் புட்பசேனரையும் நினைவூட்டும் பீடங்கள் இக்கோயிலில் உள்ளன. இம்மரம் தன் அளவில் குறையாது, மிகாது, மன்னவன் செங்கோலின் நலத்தைக் காட்டி நிற்கும் என்று அங்குள்ள பழம்பாடல் கூறுகிறது. அளவறிந்து வாழ்தலே அறம் என்பதற்கு இதனினும் எளிய பாடம் உண்டோ? மிகுபொருள் விரும்பாமையை நோன்பாகக் கொண்ட நமக்கு அம்மரமும் ஓர் ஆசிரியரே.

மரத்தைத் தெய்வநிலைக்குரியதாகப் போற்றுவது பிற நாடுகளிலும் உண்டு. சப்பானியர் சிந்தோ கோயில்களில் முதுமரங்களுக்கு வைக்கோற் கயிறு கட்டி வணங்குவர். தோக்கியோவில் 1920இல் மெய்சி கோயில் அமைந்தபோது, நாடெங்குமிருந்து மக்கள் அளித்த ஏறத்தாழ 1,00,000 மரங்களை நட்டு ஒரு வனத்தையே உருவாக்கினர். இன்றும் அவ்வனம் மாநகரின் நடுவே தழைத்து நிற்கிறது. நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்றதோ ஒற்றைக் குரா. அதனைக் காப்பது அவ்வளவு பெரிய செயலன்று, மறப்பதுதான் பெரும்பிழை.

"தாத்தா, இம்மரம் எப்போது பூக்கும்?" என்று பேத்தி கேட்டாள். சங்கப் புலவர் குரவ மலரை இளவேனிலுக்கு உரியதாகப் பாடினர். பகவான் மகாவீரர் பிறந்தநாளும் அப்பருவத்திலேயே வருகிறது. ஆதலின் பல்லாவரம், தாம்பரம் பகுதிகளில் வாழும் நம் குடும்பத்தினர் அடுத்த இளவேனிலில் பிள்ளைகளுடன் அங்குச் செல்லுதல் வேண்டும். மங்கும் எழுத்துகளை அவர்கள் கண்ணால் கண்டு, வாயால் படிக்கட்டும். படிக்க ஒரு தலைமுறை இருக்கும்வரை அவை அழியா.