பழைய டோக்கனை மதித்த சர்வர்

கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தில் ஒரு டோக்கன் தருவார்கள். அதிலுள்ள எண் எந்தத் தட்டைக் குறிக்கிறது என்பது அங்கே இருப்பவருக்குத்தான் தெரியும். நாம் அதைத் திருப்பிக் கொடுத்தால் போதும். நாம் சாமி கும்பிட்டு வருவதற்குள் ஆள் மாறி, புதியவர் "இது எங்கள் டோக்கன் இல்லை" என்று சொல்லிவிட்டால்? நெட்வொர்க் வழியாக ஃபைல்களைப் பகிரும் என்.எஃப்.எஸ். முறையிலும் இதே சிக்கல் வந்தது.

இந்த முறையை 1984-ல் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் உருவாக்கியது. சர்வரில் இருக்கும் ஃபைலை, வேறு கம்ப்யூட்டரில் இருப்பவர் தன்னுடையதைப் போலவே திறந்து வேலை செய்யலாம். ஆரம்பகாலப் பதிப்புகளில், யார் எதைத் திறந்திருக்கிறார்கள் என்று சர்வர் கணக்கு வைத்துக்கொள்ளாது. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு டோக்கன் கொடுத்துவிடும். அதற்கு 'ஃபைல் ஹேண்டில்' என்று பெயர். இரண்டாம் பதிப்பில் அதன் நீளம் 32 பைட். உள்ளே என்ன இருக்கிறது என்பது சர்வரின் சொந்த விஷயம்.

இதனால் சர்வர் நின்று மறுபடி ஓட ஆரம்பித்தாலும், எதிர்முனையில் இருப்பவர் அதே டோக்கனைக் காட்டி வேலையைத் தொடரலாம். ஆனால் இந்த வசதியோடு ஒரு பொறுப்பும் வந்தது. கெர்னலைப் புதுப்பித்தால் சர்வரை ரீபூட் செய்தாக வேண்டும். புதிய கெர்னலுக்குப் பழைய டோக்கன் புரியாவிட்டால் 'ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்' என்ற பிழை வரும். பல நாள் ஓடிக்கொண்டிருந்த வேலை பாதியில் நின்றுவிடும். தவறு செய்யாதவர் தலையில் நஷ்டம் விழும்.

1999-ல் வந்த லினக்ஸ் 2.2-க்கு அடுத்து, 2001-ல் 2.4 வந்தது. அதில் டோக்கனின் அமைப்பே மாறியது. ஆனாலும் பழையதைக் கைவிடவில்லை. டோக்கனின் முதல் பைட்டில் பதிப்பு எண் 1 இருந்தால் புதியது. இல்லாவிட்டால் பழையது என்று எடுத்துக்கொண்டு, பழைய வழியிலேயே ஃபைலைத் தேடும். பழைய டோக்கனோடு வந்தவருக்கு, முடிந்தவரை அதே மாதிரி டோக்கனையே தரும்.

இந்த ஏற்பாடு இருபது ஆண்டுகள் கெர்னலில் இருந்தது. பழைய டோக்கன் இனி யார் கையிலும் இருக்காது என்று சொல்லி, 2021-ல்தான் நீல் பிரவுன் என்ற கெர்னல் வல்லுநர் அதை நீக்க முன்வந்தார்.

பென்ஷன் வாங்கும் நமக்கு இதன் அருமை புரியும். அலுவலகம் எத்தனை முறை மென்பொருளை மாற்றினாலும், நம் பழைய பி.பி.ஓ. எண்ணை அது ஏற்றுக்கொண்டால்தானே முதல் தேதி பணம் வரும்!