‘ஸ்டாக் உள்ளது’ என்று காட்டும், பணம் கட்டியதும் கேன்சல் ஆகும்! படகு மோட்டார் பார்ட்ஸ் வாங்கும் பழவேற்காடு மீனவருக்குச் சட்டம் என்ன தருகிறது?

பழவேற்காடு முகத்துவாரத்தில் மணல் ஏறிக் கிடக்கும் நாட்களில் பைபர் படகைக் கடலுக்குக் கொண்டுபோவதே ஒரு வித்தைதான். தண்ணீர் ஆழம் குறைவு. ப்ரொப்பல்லர் தரையைத் தட்டும். மோட்டாரைக் குளிர்விக்கத் தண்ணீர் உறிஞ்சும் பம்புக்குள் இம்பெல்லர் என்றொரு சின்ன ரப்பர் சக்கரம் இருக்கிறது. மணல் கலந்த தண்ணீர் போகப் போக அதன் இதழ்கள் தேயும். தேய்ந்தால் மோட்டார் சூடேறி நின்றுவிடும். உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் துண்டுக்காக மொத்தப் படகும் கரையில் கிடக்கும்.

அந்தத் துண்டை எங்கே வாங்குவது? பொன்னேரியில் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். இல்லையென்றால் சுமார் 60 கி.மீ. தள்ளி, சென்னை காசிமேடு பக்கம் போக வேண்டும். கடைக்காரர் "அண்ணே, உங்க மாடலுக்கு வர ஒரு வாரம் ஆகும்" என்பார். அப்போதுதான் கை செல்போனுக்குப் போகும்.

ஆன்லைனில் தேடினால் அதே இம்பெல்லர், அதே மாடல். கீழே பச்சை எழுத்தில் ‘ஸ்டாக் உள்ளது’. பக்கத்திலேயே சிவப்பில் ‘இன்னும் 2 மட்டுமே’. யுபிஐ-யில் பணம் போகிறது. இரண்டு நாள் ‘ஆர்டர் தயாராகிறது’ என்று காட்டும். ஐந்தாம் நாள் ஒரு குறுஞ்செய்தி வரும்: விற்பனையாளர் உங்கள் ஆர்டரை ரத்து செய்துவிட்டார், பணம் சில நாட்களில் திரும்ப வரும்.

‘பணம்தான் திரும்ப வந்துடுதே, அப்புறம் என்ன?’ என்று கேட்கலாம். போனது பணம் இல்லை, நாள். தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். இந்தத் தடை விசைப்படகுகளுக்குத்தான். பைபர் படகுகளும் நாட்டுப்படகுகளும் கடலுக்குப் போகும். பெரிய படகுகள் கரையில் நிற்பதால் சின்னப் படகில் வரும் மீனுக்கு நல்ல விலை கிடைக்கும் காலம் அது. அதில் ஐந்து நாள் மோட்டார் ஓடவில்லை என்றால், அந்த ஐந்து நாளை யாரும் ரீஃபண்ட் செய்வதில்லை. ஆன்லைனில் இருக்கிறதே என்று நம்பி காசிமேட்டுக் கடையில் ஆர்டர் கொடுக்காமல் விட்டதும் சேர்ந்து அடிக்கும். அங்கே இனிமேல் சொன்னாலும் இன்னொரு வாரம்.

இல்லாத பொருள் எப்படி ‘இருக்கு’ என்று காட்டுகிறது?

இந்தியாவில் பெரும்பாலான பெரிய ஷாப்பிங் தளங்கள் சந்தை மாதிரியில் இயங்குபவை. கோயம்பேடு மார்க்கெட் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: கட்டடம் ஒருவருடையது, உள்ளே கடை போட்டிருப்பவர்கள் வேறு. அந்நிய முதலீடு உள்ள நிறுவனங்கள் சொந்தமாகச் சரக்கு வைத்து நுகர்வோருக்கு விற்க மத்திய அரசின் அந்நிய முதலீட்டு விதிகளில் அனுமதி இல்லை. 2019 பிப்ரவரி 1 முதல் இந்த விதி இன்னும் இறுக்கப்பட்டது. ஆக, உங்கள் திரையில் தெரியும் ‘ஸ்டாக் உள்ளது’ என்பதைப் பல நேரம் அந்தத் தளம் எண்ணிப் பார்த்துச் சொல்வதில்லை. எங்கோ ஓர் ஊரில் இருக்கும் விற்பனையாளர் தன் கணக்கில் தட்டிய ஓர் எண் அது.

அந்த எண் பொய்யாவதற்குப் பல வழிகள் உண்டு. கையில் இருப்பது ஒரே ஒரு ப்ரொப்பல்லர், ஆனால் அது நான்கு தளங்களில் பட்டியலிடப்பட்டிருக்கும். ஒன்றில் விற்றதும் மற்ற மூன்றிலும் கழிக்க வேண்டும். கழிக்கும்வரை ‘பேய் ஸ்டாக்’தான். இது அசட்டை, ஏமாற்று என்று சொல்ல முடியாது.

அடுத்தது அப்படியில்லை. சரக்கே வைக்காமல் விற்பவர்கள் இருக்கிறார்கள். மொத்த வியாபாரியின் விலைப்பட்டியலை அப்படியே தளத்தில் ஏற்றிவிடுவார்கள். ஆர்டர் வந்த பிறகுதான் பொருளைத் தேடுவார்கள். கிடைத்தால் அனுப்புவார்கள், கிடைக்காவிட்டால் கேன்சல். தினமும் ஆயிரம் பேர் வாங்கும் செல்போன் உறையில் இது பிரச்சினை ஆகாது. எப்போதாவது ஒருவர் தேடும், வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய மோட்டார் பார்ட்ஸில்தான் மாட்டும். ‘ஸ்டாக் இல்லை’ என்று போட்டால் தேடலில் தங்கள் பக்கம் கீழே போய்விடும் என்ற கணக்கிலும் சிலர் அந்தப் பச்சை எழுத்தை அணைப்பதே இல்லை.

கொரோனா காலத்தில், 2020-ல், அமெரிக்காவில் துப்பாக்கி விற்பனை எகிறித் தோட்டாவுக்குத் தட்டுப்பாடு வந்தது. இப்படிப்பட்ட நேரத்தில்தான் திரையில் தெரியும் ஸ்டாக்கும் கிடங்கில் இருக்கும் ஸ்டாக்கும் வெகுதூரம் விலகும். (நம் ஊரில் அந்தப் பேச்சே வேறு. 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியின் உதிரிபாகமும் ஆயுதம்தான், உரிமம் இல்லாமல் விற்க முடியாது. தளத்தில் அப்படி ஒன்று தெரிந்தால் ஸ்டாக்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், விலகிவிடுங்கள்.) அமெரிக்காவில் இதற்கென்றே 1975 முதல் ஒரு விதி இருக்கிறது. சொன்ன தேதிக்குள் அனுப்ப முடியும் என்பதற்கு நியாயமான அடிப்படை இருந்தால்தான் விளம்பரம் செய்யலாம். தேதி சொல்லவில்லை என்றால் 30 நாள். தாமதமானால் வாங்குபவரிடம் கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் பணத்தைத் திருப்ப வேண்டும். ஃபேஷன் நோவா என்ற ஆடை நிறுவனம் இந்த விதியை மீறிய புகாரில் 2020 ஏப்ரலில் 93 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

‘அனுப்ப முடியும் என்ற அடிப்படை இல்லாமல் விற்காதே’ என்று அவ்வளவு நேராகச் சொல்லும் விதி இங்கே இல்லை. ஆனால் கையில் எதுவுமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

2023 நவம்பர் 30-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ‘டார்க் பேட்டர்ன்’ தடுப்பு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. நுகர்வோரைத் திசைதிருப்பும் 13 தந்திரங்கள் அதில் பட்டியலிடப்பட்டுள்ளன. தூண்டில் போட்டுப் பொருளை மாற்றுவது அதில் ஒன்று. பொருள் இருப்பதாகக் காட்டி, கூடையில் போட்ட பிறகு ‘ஸ்டாக் இல்லை’ என்று சொல்லி, விலை கூடிய வேறொன்றைக் காட்டுவதை அந்த வழிகாட்டுதலே உதாரணமாகத் தருகிறது. ‘இன்னும் 2 மட்டுமே’ என்று பொய்யாக அவசரப்படுத்துவதும் தனித் தந்திரமாகப் பட்டியலில் இருக்கிறது. மீனவருக்கு ரொம்பப் பழக்கமான விஷயம்தான், தூண்டில் என்ன பக்கம் இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகளில் ஒரு சுவாரசியமான பிரிவு உண்டு. வாடிக்கையாளர் கேன்சல் செய்தால் கட்டணம் பிடிக்கும் நிறுவனம், தானாகக் கேன்சல் செய்யும்போது அதே மாதிரிக் கட்டணத்தைத் தானும் ஏற்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம்மிடம் கட்டணம் எதுவும் பிடிக்காத நிறுவனத்துக்கு இதனால் எந்தச் செலவும் இல்லை. ஐந்து நாள் காத்திருந்ததற்கு இந்தப் பிரிவில் பதில் கிடையாது.

அதைவிட உபயோகமான பிரிவுகள் இரண்டு. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் உங்கள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அடுத்தது, வாங்கிய பிறகு நீங்கள் எழுத்தில் கேட்டால், விற்பனையாளரின் முகவரி, மின்னஞ்சல் உள்ளிட்ட விவரங்களைத் தளம் தந்தாக வேண்டும். யார் மேல் வழக்குப் போடுவது என்றே தெரியாமல் பலர் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான்.

‘நாங்க வெறும் சந்தைதான்’ என்ற பதில் எப்போதும் எடுபடுவதில்லை. தரச் சான்று விதியை மீறிய பிரஷர் குக்கர்களை விற்க இடம் கொடுத்ததற்காக 2022 ஆகஸ்டில் அமேசானுக்கு ஆணையம் 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. 2,265 குக்கர்களுக்கும் பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது. அந்த உத்தரவை எதிர்த்து நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றம் போனது வேறு கதை.

மீனவர் ‘நுகர்வோர்’ ஆவாரா?

எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எழுப்பும் கேள்வி இதுதான். வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவர் நுகர்வோர் இல்லை என்கிறது சட்டம். மீன் பிடித்து விற்பது வணிகம்தானே?

இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் விளக்கப்படி, சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்த மட்டுமே ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது. இதை உச்ச நீதிமன்றம் 1995-லேயே தெளிவாக்கிவிட்டது. அந்த வழக்கில் ஒரு தரப்பு நம் கோயம்புத்தூரின் பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனம். இயந்திரம் வாங்கிய நிறுவனம் அந்த வழக்கில் தோற்றது என்றாலும், தீர்ப்பில் சொன்ன உதாரணங்கள் இன்றுவரை நிற்கின்றன: தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குபவர் நுகர்வோர். உதவிக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டாலும் நுகர்வோர்தான்.

ஆட்டோவுக்குப் பொருந்துவது படகுக்கும் பொருந்தும். ஆனால் பத்துப் படகு வைத்து ஆள் போட்டுத் தொழில் நடத்துபவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடைப்பது கஷ்டம். பங்குப் படகாக இருந்தால், பில் யார் பெயரில் இருக்கிறதோ அவரும் கடலுக்குப் போகிறவராக இருப்பது நல்லது.

நடைமுறையில் என்ன செய்யலாம்?

ஆர்டர் போடும் முன் ‘ஸ்டாக் உள்ளது’ என்று காட்டும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி. கேன்சல் ஆன பிறகு போய்ப் பார்த்தால் அந்தப் பக்கம் மாறியிருக்கும். பழைய பார்ட்ஸில் இருக்கும் பார்ட் நம்பரைத் தளத்தில் உள்ள கேள்விப் பெட்டியில் போட்டு ‘கையில் இருக்கிறதா, எப்போது அனுப்புவீர்கள்?’ என்று கேளுங்கள். சரக்கு வைத்திருப்பவர் பதில் போடுவார். பொருள் வந்த பிறகு பணம் கொடுக்கும் வசதி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். அவசரம் என்றால் ஆன்லைன் ஆர்டரை மட்டும் நம்பிக் காசிமேட்டுக் கடையை விட்டுவிட வேண்டாம்.

கேன்சல் ஆகிவிட்டால் முதலில் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். பணமே திரும்பவில்லை, தளமே போலி என்று தெரிந்தால் அது வேறு: உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. நேரம் ஆக ஆகப் பணத்தைப் பிடிப்பது கஷ்டம்.

நஷ்ட ஈடு கேட்க வேண்டும் என்றால் விற்பனையாளர் டெல்லியில் இருந்தாலும் சூரத்தில் இருந்தாலும் நீங்கள் அங்கே போக வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். பழவேற்காட்டுக்காரர்களுக்குத் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை, இணையத்திலும் தாக்கல் செய்யலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம், நடப்பில் இழுக்கும். தொழில் போன நாட்களுக்கு இழப்பீடு கேட்பவர் அதைக் காட்டவும் வேண்டும்: அதற்கு முந்தைய வாரங்களில் மீன் போட்ட வியாபாரியின் சீட்டு, டீசல் அல்லது பெட்ரோல் பில், மோட்டாரைப் பார்த்த மெக்கானிக் எழுதிக் கொடுத்த தாள். ஏலக் கூடத்தில் வாங்கும் துண்டுச் சீட்டைச் சட்டைப்பையிலேயே கசங்கவிடாமல் செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.