‘சட்டவிரோதமாக’ என்ற ஒரு சொல்

கருக்கலைப்பைக் குற்றமென்று 1861-இல் இலண்டனில் எழுதப்பட்ட சட்டம் காலனிகளுக்குக் கப்பலேறிய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அது ஆஸ்திரேலியாவில் இறங்கியபோது ஒரு சொல்லையும் கூடவே கொண்டுவந்தது: ‘சட்டவிரோதமாக’. சட்டவிரோதமாகக் கருவைக் கலைப்பவர் குற்றவாளி என்றது விக்டோரியாவின் 65-ஆம் பிரிவு. அப்படியானால் சட்டப்படி கலைப்பது என்று ஒன்று இருக்கத்தானே வேண்டும்? அது எதுவென்று சட்டத்தில் எங்கும் இல்லை.

1969 மே மாதம் அந்தக் கேள்வி மெல்போர்னில் நீதிபதி மென்ஹெனிட் முன் வந்தது. கூண்டில் நின்றவர் டாக்டர் டேவிட்சன். பெண்ணின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ கடும் ஆபத்து உண்டு, அதைத் தவிர்க்கக் கலைப்பு தேவை, அந்த ஆபத்துக்கு அது மிஞ்சியதும் அல்ல என்று மருத்துவர் நியாயமான காரணத்தோடு மனதார நம்பினால் அது குற்றமில்லை என்று ஜூரிக்கு விளக்கினார் நீதிபதி. டேவிட்சன் விடுதலையானார். சட்டத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

அதுவரை என்ன நடந்தது என்பதைச் சொல்லாமல் நகர முடியாது. வசதியுள்ளவர்கள் பெரும் பணம் கொடுத்து மருத்துவரிடம் ரகசியமாகப் போனார்கள். இல்லாதவர்கள் யார் வீட்டுச் சமையலறையிலோ மேசைமேல் படுத்தார்கள். சோப்புத் தண்ணீர் நிரப்பிய ரப்பர் பீச்சாங்குழல்தான் கருவி. சீழ்பிடித்து, ஜன்னி கண்டு மருத்துவமனைக்கு வந்தவர்களில் எல்லோரும் வீடு திரும்பவில்லை. இந்தச் சாவுகளை விசாரித்தது காவல்துறையின் கொலைக்குற்றப் பிரிவு. கலைப்பு செய்யும் மருத்துவர்களிடம் மாமூல் வாங்கியவர்களும் அந்தப் பிரிவில்தான் இருந்தார்கள்.

அதை வெளியே கொண்டுவந்தவர் பெர்ட்ராம் வெய்னர். ஸ்காட்லாந்தில் பிறந்து, மெல்போர்னின் செயின்ட் கில்டாவில் மருத்துவம் பார்த்தவர். மிரட்டல்களுக்கு நடுவே சாட்சிகளைத் தேடித் திரட்டினார். 1970-இல் வழக்கறிஞர் வில்லியம் கே தலைமையில் விசாரணை நடந்தது. கொலைக்குற்றப் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஜாக் ஃபோர்ட் உட்பட மூன்று காவல்துறையினர் 1971-இல் சிறை சென்றார்கள். மறு ஆண்டே கிழக்கு மெல்போர்னில் வெய்னர் வெளிப்படையாக ஒரு கிளினிக் திறந்தார். 2001-இல் அதே கிளினிக்கின் காவலாளி ஒருவரை, கருக்கலைப்பை எதிர்த்த ஒருவன் சுட்டுக் கொன்றான். இப்படிப்பட்ட கிளினிக்குகளைச் சுற்றி 150 மீட்டருக்குள் வருபவர்களை மறித்துத் தொல்லை கொடுக்கக் கூடாது என்று விக்டோரியா விதித்ததை, 2019-இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் செல்லும் என்றது.

சிட்னி கதையும் இதே தடம்தான். 1970-இல் பாண்டையில் ஹெதர்பிரே என்ற கிளினிக்குக்குள் போலீஸ் புகுந்தது. 1971-இல் அந்த வழக்கை விசாரித்த நீதிபதி லெவின் ஒரு படி மேலே போனார்: உடல்நல ஆபத்தை எடைபோடும்போது பெண்ணின் பொருளாதார, சமூகச் சூழலையும் பார்க்கலாம் என்றார்.

நல்ல தீர்ப்புகள்தாம். ஆனாலும் அவை நீதிபதிகளின் விளக்கம். குற்றம் என்று எழுதிய பிரிவு அப்படியே உறங்கிக் கிடந்தது. உறங்குவது விழித்துக்கொள்ளவும் செய்யும். 2017-இல் சிட்னியின் பிளாக்டவுன் நீதிமன்றத்தில், கர்ப்பம் முற்றிய நிலையில் தானே மாத்திரை விழுங்கிய ஒரு தாய் அந்தப் பழைய பிரிவின்படியே குற்றவாளியானார். வென்ட்வொர்த்வில், டூங்காபி என்று நம்மவர்கள் நிறைந்து வாழும் ஊர்களிலிருந்து அந்த நீதிமன்றம் காரில் சில நிமிடம். அந்தத் தாய்க்குத் தேவைப்பட்டது மருத்துவமும் ஆதரவும், கிடைத்தது வழக்கு. இதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

விக்டோரியா 2008-இல் சட்டத்தையே மாற்றியது. நியூ சவுத் வேல்ஸில் சுயேச்சை உறுப்பினர் அலெக்ஸ் கிரீன்விச் மசோதா கொண்டுவர 2019 ஆனது. எதிர்த்தவர்கள் மார்ட்டின் பிளேஸில் திரண்டார்கள். கருவும் ஓர் உயிர் என்ற அவர்களது நம்பிக்கை உண்மையானது. அதை நான் மதிக்கிறேன். அதைச் சிறைக்கம்பியால் காக்க முயன்றதைத்தான் ஏற்க இயலவில்லை. மேல்சபையில் நெடுநேரம் வாதாடித் திருத்தங்கள் சேர்த்து, செப்டம்பர் 26 அன்று மசோதா நிறைவேறியது. 22 வாரம் வரை பெண்ணின் சம்மதத்தோடு மருத்துவர் செய்யலாம். அதன்பின் இரு நிபுணர்கள் ஒப்ப வேண்டும். 1900-ஆம் ஆண்டுக் குற்றச் சட்டத்தின் 82, 83, 84-ஆம் பிரிவுகள் நீங்கின.

இந்தியா 1971-லேயே தனிச் சட்டம் இயற்றிவிட்டது. இலங்கையில் 1883-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையின் 303-ஆம் பிரிவு தாயின் உயிரைக் காப்பதற்கு மட்டுமே விலக்கு தருகிறது. யாழ்ப்பாணத்தில் அக்காவும் டூங்காபியில் தங்கையும் வாழும் குடும்பங்கள் எத்தனையோ. அக்காவுக்கு இன்றும் அந்த 303-தான்.

(தொடரும்)