தோளுக்குத் திரும்பி வரும் பங்கு

கல்லூரி நாட்களில், என்.சி.சி. முகாமில், முதன்முதலாக 'த்ரீ நாட் த்ரீ' சுட்டதில் எனக்கு நினைவிருப்பது குறியும் சத்தமும் அல்ல, வலி. "தோளோட அழுத்திப் பிடி, இல்லேன்னா அதுவே உன்னை அடிச்சிரும்" என்றார் உஸ்தாத். நான் சரியாகப் பிடிக்கவில்லை. தோள் ஒரு வாரம் கன்றிக் கிடந்தது. குண்டு போய்ப் புதைந்த மண்மேட்டைத் திரும்பிப் பார்த்ததாகக்கூட ஞாபகமில்லை.

பின்னுதைப்பு நியூட்டனின் மூன்றாம் விதி என்று பாடப்புத்தகம் சொல்லும். எனக்கு அது வேறொன்றாகவும் படுகிறது. சுடுதல் என்ற செயலில் சுட்டவன் உடம்புக்குத் திரும்பி வரும் பங்கு அது ஒன்றுதான். அந்தப் பங்கைக் குறைக்க நடந்த ஒரு முயற்சியைப் பற்றியது இக்கட்டுரை.

1945ல், காலாட்படைக்கு உகந்த குண்டின் அளவு எது என்று கண்டறிய பிரிட்டனில் ஒரு குழு உட்கார்ந்தது. த்ரீ நாட் த்ரீ 19ஆம் நூற்றாண்டின் சரக்கு. நான் சுட்ட வகையின் குறிகாட்டியில் 2,000 கஜம் வரை அளவு பொறித்திருக்கும். ஆனால் சிப்பாய் பெரும்பாலும் சில நூறு கஜத்துக்குள்தான் சுடுகிறான் என்பதை இரண்டு உலகப் போர்கள் காட்டியிருந்தன. தேவைப்படாத தூரத்துக்கான மருந்தின் உதையை அவன் தோள் எதற்குத் தாங்க வேண்டும்? ஒரு மனித உடலைச் செயலிழக்கச் செய்ய எவ்வளவு ஆற்றல் போதும் என்று கணக்குப் போட்டார்கள். இந்த ஆய்வில் முக்கியப் பங்கு வகித்தவர் ரிச்சர்ட் பீச்சிங் என்ற இயற்பியலாளர். 1963ல் பிரிட்டிஷ் ரயில்வேயில் 2,000க்கும் மேற்பட்ட நிலையங்களை மூடச் சொன்ன அதே பீச்சிங்தான். உபரியைக் கண்டுபிடித்து வெட்டுகிற பகுத்தறிவு உடலுக்கும் ரயிலடிக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை.

கணக்கின் விடை .280 அங்குலக் குண்டு. அதற்காக என்ஃபீல்டில் உருவான துப்பாக்கி இ.எம்.2. வடிவமைத்தவர் போலந்திலிருந்து வந்த ஸ்டீஃபன் ஜான்சன். வழக்கமான துப்பாக்கியில் தோட்டா வெடிக்கும் அறை விசைக்கு முன்னால் இருக்கும். பின்னால் இருப்பது வெறும் கட்டை. ஜான்சன் அறையையும் தோட்டாப் பெட்டியையும் விசைக்குப் பின்னால், கன்னத்தோரம் தள்ளிவிட்டார். இந்த அமைப்புக்குத்தான் புல்பப் என்று பெயர். குழல் 62 செ.மீ., மொத்த நீளம் 89 செ.மீ. ஏறக்குறைய அதே குழலுக்கு லீ என்ஃபீல்டு 113 செ.மீ. நீண்டது. குழலும் தோளும் ஒரே நேர்கோட்டில் இருந்ததால் உதை துப்பாக்கியின் மூக்கைத் தூக்கவில்லை, நேராகத் தோளுக்குள் போனது. வடிவம் மட்டும் போதாது என்பதும் தெரிந்த விஷயம்தான். 1901லேயே தோர்னிகிராஃப்ட் என்ற புல்பப் உதை அதிகமென்று ஒதுக்கப்பட்டிருந்தது. மருந்தும் குறைய வேண்டும்.

உடலும் ஆயுதமும் அங்கம் அங்கமாகப் பூட்டப்படுவதை ஃபூக்கோ 1975ல் எழுதிய நூலில், படைப்பயிற்சியை வைத்துப் பேசுகிறார். அங்கே உடல் ஆயுதத்துக்குப் பழக்கப்படுகிறது. இங்கே ஆயுதம் உடலுக்கு இணங்கி வருகிறது. வன்முறை குறையவில்லை; வன்முறை செய்வதன் அசௌகரியம் குறைகிறது. நானும் இந்தத் துப்பாக்கியின் படத்தைப் பார்த்து 'அழகு' என்று சொன்னவன்தான். அந்தச் சொல்லைத் திரும்பப் பெற முடியாமல்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

1951 ஏப்ரலில் தொழிற்கட்சி அரசு இ.எம்.2ஐ ஏற்றது. அக்டோபரில் சர்ச்சில் ஆட்சிக்கு வந்தார். .30 அளவின் முழு வலுவிலிருந்து இறங்க மாட்டோம் என்று அமெரிக்கத் தளபதிகள் பிடிவாதமாக நின்றார்கள். நேட்டோ ஒற்றுமை என்ற பெயரில் சர்ச்சில் இ.எம்.2ஐக் கைவிட்டார். 7.62 மி.மீ. குண்டு பொது அளவானது. அதே அமெரிக்கா 1960களில் வியட்நாமில் 5.56 மி.மீட்டருக்கு இறங்கியது வேறு கதை. 1985ல் பிரிட்டன் 5.56ல் எல்85 என்ற புல்பப்பை ஏற்றது. உதை மெத்தென்று இருக்கும், வலது தோளில் மட்டும். இடது தோளில் வைத்தால் தெறிக்கும் வெற்றுத் தோட்டா முகத்தில் அடிக்கும்.

இடைப்பட்ட காலத்தில் 7.62 எங்கே போனது? பெல்ஜியத்தின் எஃப்.ஏ.எல். துப்பாக்கியை பிரிட்டன் எஸ்.எல்.ஆர். ஆக்கியது, இந்தியா இச்சாப்பூரில் 1ஏ1 ஆகச் செய்தது. 1972 ஜனவரி 30ல் வட அயர்லாந்தின் டெர்ரியில், ஊர்வலம் வந்தவர்கள்மேல் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டது எஸ்.எல்.ஆரால், அன்றே 13 பேர் இறந்தார்கள். 1987ல் இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனது 1ஏ1. 2018 மே 22ல் தூத்துக்குடியில் போலீஸ் கையில் இருந்ததும் எஸ்.எல்.ஆர்.தான், அங்கேயும் 13 பேர்.

அப்படியானால் .280 வந்திருந்தால் நல்லது என்கிறீர்களா? இல்லை. அதுவும் மனித உடலைச் செயலிழக்கச் செய்யக் கணக்குப் போட்ட குண்டுதான். சண்டை முழுக்கத் தோளைப் பற்றியது. மார்பைப் பற்றி லண்டனிலும் வாஷிங்டனிலும் யாரும் தகராறு செய்யவில்லை.

டெர்ரியில் சுடப்பட்டவர்கள் ஒரு குற்றமும் செய்யாதவர்கள் என்று பிரிட்டிஷ் பிரதமர் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது 2010ல். அந்த 38 ஆண்டுகளும் இறந்தவர்களின் குடும்பங்கள் தெருவில் நின்றன. அரசின் தோளுக்கு உதை தானாக வருவதில்லை, அங்கே நியூட்டன் விதி செல்லாது. அதை யாராவது சுமந்துகொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருக்கிறது.