அடிக்காம விடுறதும் ஒரு அடிதான்

ட்ரம்ஸ் வாசிக்கிறவங்க, பாட்டின் ரெண்டு வரிக்கு நடுவில வாற சின்ன உருட்டலை ‘ஃபில்’ எண்டு சொல்லுவாங்க. எங்க போடுறது, எவ்வளவு போடுறது, எப்ப சும்மா இருக்கிறது? இந்தக் கேள்வி ட்ரம் செட்டோட வந்ததில்லை. எங்கட தவில்காரருக்கு இது பழைய கேள்வி. அவர் நிக்கிற இடம் மாற மாற, பதிலும் மாறியிருக்கு.

முதல் இடம், வீதி. நாதஸ்வரமும் தவிலும் சாமி ஊர்வலத்துக்காக வளர்ந்த வாத்தியங்கள். சுவரும் கூரையும் இல்லாத இடத்தில சத்தம் பரவிக் கரைஞ்சிடும். அதனாலதான் வலக்கை விரல்களுக்குக் கெட்டியான கூடுகள், இடக்கையில பூவரசங்கம்பு. நடக்கிற கூட்டத்துக்கு நுணுக்கமான கணக்கு எட்டாது. அழுத்தமா முடியிற தீர்மானம் எட்டும். கலியாணவீட்டுக் கெட்டிமேளத்தையும் இப்படித்தான் பார்க்கவேணும். தாலி ஏறுற நேரம் தவில்காரரின் கண் ஐயரின் கையிலதான். தாளத்தின் எந்த இடத்தில நிண்டாலும் அதை விட்டுட்டு மேளத்தை எழுப்பியே ஆகவேணும்.

ரெண்டாவது இடம், மேடை. டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) காலத்தில நாதஸ்வரமே மாறிச்சு. உச்சமா ஒலிக்கிற திமிரிக்குப் பதிலா, நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி செய்த, சுருதி தாழ்ந்த பாரி நாயனத்தை அவர் எடுத்தார். மைக்கும் வந்தது. இப்ப ராக ஆலாபனையை ஆட்கள் இருந்து கேட்டாங்க. நாதஸ்வரம் மூச்செடுக்கிற இடைவெளியில தவில் சில செக்கன் மட்டும் பேசும். அங்க கூட அடிச்சா ராகம் கலையும், குறைய அடிச்சா கச்சேரி தொய்யும்.

இந்த இடைவெளியை ஆண்டவர்களில் ஒருவர் எங்கட நாட்டவர். 1933இல் இணுவிலில் பிறந்த யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி, தமிழ்நாட்டுக்குப் போய் காருகுறிச்சி அருணாசலம் போன்ற பெரிய நாதஸ்வரக்காரருக்கு வாசித்தார். அவர் வளர்ந்த யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களில், பல தவில்காரர் ஒருவரை ஒருவர் மிஞ்ச வாசிக்கிற தவில் சமர் விடிய விடிய நடக்கும். வேகம் காட்டப் பழகிய அதே கை, நாதஸ்வரத்துக்குப் பின்னால அடங்கவும் பழகவேணும். 1975இல், இளவயதிலேயே அவர் இறந்துபோனார். அவருடைய ஒலிப்பதிவுகள் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கு.

மைக் இன்னொரு கதவையும் திறந்தது. குன்னக்குடி வைத்தியநாதனின் வயலினும் வலையப்பட்டி சுப்பிரமணியத்தின் தவிலும் ஒரே மேடையில சோடி சேர்ந்தன. ஒலிபெருக்கி இல்லாட்டி வயலினைத் தவில் மூடியிருக்கும்.

மூண்டாவது இடம், எங்கட கொழும்பு மண்டபங்கள். வெள்ளவத்தையிலயும் கொட்டாஞ்சேனையிலயும் வீதிக்காகச் செய்த மேளம் இப்ப கூரைக்குக் கீழ ஒலிக்குது. எதிரொலிக்கிற மண்டபத்தில அவசர உருட்டல் ஒண்டோட ஒண்டு கலந்து கூழாகும். அனுபவமுள்ள தவில்காரர் அடிகளுக்கு நடுவில இடம் விடுவார். ஆனா அவர் தேர்ந்தெடுத்தது எங்களுக்குக் கேக்குமா எண்டதை மிக்ஸருக்குப் பக்கத்தில இருக்கிறவரும் தீர்மானிக்கிறார். தவிலுக்கு ரெண்டு முகம்: விரல் பேசுறது வலந்தலையில, கம்பு பேசுறது தொப்பியில. வலந்தலைக்கு மட்டும் மைக் வைச்சா, கேள்வி கேக்கும், பதில் கேக்காது. இடக்கையின் வேலை பாதி மறைஞ்சுபோகும்.

பரம்பரை பரம்பரையாக் கை கற்றுக்கொண்ட தெரிவு, ஒரு மைக் குறைஞ்சதால தொலையலாம். அடுத்த கலியாணவீட்டில சாப்பாட்டு வரிசைக்கு ஓடமுன்னம், தவிலுக்கு எத்தனை மைக் எண்டு பாருங்க. தவில்காரர் எங்க அடிக்காம விடுறார் எண்டும் கேளுங்க.